கையில் இல்லாதது

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போய் உள்ளே திரும்பினால் மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் அங்கே இருக்கிறது. வாசலுக்கு இரு புறமும் காவலர்கள். உள்ளே மூன்று கருவறைகள், மூன்றும் இன்று காலி. பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயர் கொண்ட அந்த ராஜா இதைச் செய்வித்தான் என்று கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. செங்கல் கிடையாது, மரம் கிடையாது, உலோகம் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது என்று அடுக்கிய பிறகுதான் அது கோயிலுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் கல்லை முதலில் குடைந்தவன் இவன்தானா என்று ஆய்வாளர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். எனக்குப் பிடித்தது அந்த வரிசை. கட்டியவன் எவனும் போட்ட சரக்கைச் சொல்லித்தான் பெருமை பேசுவான். இந்த ராஜா போடாத சரக்கைச் சொல்லிப் பேசுகிறான்.

கையில் இல்லாததை வைத்து ஜெயிப்பது என்றால் என்னவென்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் மூணு சீட்டு ஆடுகிறவர்களுக்குத் தெரியும். பொங்கலை ஒட்டிய நாட்களில், திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து நடக்கும் இரவுகளில், பிணம் எடுக்கும்வரை தூங்காமல் கிடக்க வேண்டிய சாவு வீட்டுப் பந்தலில், ஏரிக்கரை வேப்பமரத்தடியில் எப்படியும் ஒரு கட்டு வந்துவிடும். மறுநாள் பேப்பரில் மாவட்டச் செய்தியில் நாலு வரி வரும்: பணம் வைத்துச் சூதாடியவர்கள் கைது, சீட்டுக்கட்டும் ரொக்கமும் பறிமுதல். பறிமுதல் செய்த தொகையைப் பார்த்தால் சில நாட்களில் ஸ்டேஷன் ஜீப்புக்கு டீசல் போடக்கூடக் காணாது.

மூணு சீட்டின் கணக்கு சின்னது. 52 சீட்டிலிருந்து மூன்றை எடுக்க 22,100 வழிகள் உண்டு. அதில் 16,440 கைகளில் ஒன்றுமே இருக்காது. ஜோடி இல்லை, வரிசை இல்லை, ஒரே சாதியும் இல்லை. பெரிய சீட்டு எதுவோ அதை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதாவது நூற்றுக்கு 74 முறை கையில் வருவது குப்பை. மூன்றும் ஒரே எண்ணாக வரும் கைகள் மொத்தமே 52. நல்ல கை வந்தால் மட்டும்தான் காசு வைப்பேன் என்று ஒருவன் சபதம் எடுத்தால் அவன் இரவெல்லாம் கொட்டாவி விட வேண்டும். என்றைக்காவது அவன் காசை நகர்த்தினால் சுற்றியிருக்கிற எல்லாரும் சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். குப்பையை வைத்துக்கொண்டும் காசை நகர்த்துகிறவன் இல்லையென்றால் அந்த ஆட்டமே கிடையாது. பாவ்லா காட்டுவது அதில் யாரோ ஓரமாகச் செய்கிற போக்கிரித்தனம் என்று நினைக்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்காதவர்கள்.

அதைவிட வினோதமானது பிளைண்ட். சீட்டு கவிழ்ந்தபடி தரையில் கிடக்கும். ஆள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டான். காசு மட்டும் வைப்பான். பார்த்துவிட்டு ஆடுகிறவன் அவனைப்போல் இரண்டு மடங்கு வைக்க வேண்டும் என்பது விதி. பார்த்ததற்கு வரி என்று வைத்துக்கொள்ளலாம். சலுகை பணத்தோடு நிற்பதில்லை. பார்க்காதவன் முகத்தில் படிப்பதற்கு ஒன்றுமே இல்லை. எதிரில் இருப்பவன் அவன் கண்ணை, தொண்டைக்குழியை, பீடியை இழுக்கிற வேகத்தை என்னதான் உற்றுப் பார்த்தாலும் அங்கே ரகசியம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை, அவனுக்கே தெரியாது. முகமூடிகளிலேயே கெட்டியானது இதுதான் என்று நினைக்கிறேன். பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரிந்திருக்கும், தெரிந்தது எங்காவது ஒழுகும். தெரியாதவனிடம் ஒழுக என்ன இருக்கிறது? நாலைந்து சுற்று பிளைண்டிலேயே வருகிறவனைப் பார்த்து, கையில் ஜோடி வைத்திருப்பவன் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அறிந்தவன்தான் அங்கே பயப்படுகிறான்.

ரம்மி வேறு உலகம். பதிமூன்று சீட்டு, கீழே விழுகிற சீட்டெல்லாம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். யார் எதை எடுத்தான், எதைத் தள்ளினான் என்பது திறந்த புத்தகம். இங்கே படிப்பது முகத்தைக் காட்டிலும் விரலை. திறந்த சீட்டை எடுத்தவன் அதைக் கையில் எந்த இடத்தில் செருகினான்? தள்ளிய சீட்டு கை ஓரத்திலிருந்து வந்ததா, நடுவிலிருந்து பிடுங்கியதா? நடுவிலிருந்து வந்தால் ஒரு கூட்டு உடைந்திருக்கிறது. ஓரத்திலிருந்து வந்தால் அது ஆரம்பத்திலிருந்தே வேண்டாத சீட்டு. அதனால்தான் பழுத்த ஆட்டக்காரர்கள் கையை அடுக்குவதே இல்லை. கலைந்தபடி பிடித்துக்கொண்டு மனசுக்குள் அடுக்குவார்கள். இன்னும் கொஞ்சம் பழுத்தவர்கள் அடுக்குவது போலக் காட்டுவார்கள். அதிலும் தூண்டில் போடுவது தனிக் கலை. ஆட்டீன் ஒன்பது வேண்டுமென்றால், தன்னிடம் உபரியாக இருக்கும் வேறு சாதி ஒன்பதைத் தள்ளுவான். இவனுக்கு ஒன்பது வேண்டாம் என்று நம்பி, எதிராளி தன் ஒன்பதைக் கழற்றிவிடுவான். திருக்குறளில் சூது அதிகாரத்தின் முதல் குறளிலேயே தூண்டிலும் மீனும் வந்துவிடுவதை இந்த ஆட்டம் பார்க்கும்போது நினைத்துக்கொள்வேன், வள்ளுவர் சொல்லவந்தது வேறு என்றாலும்.

வள்ளுவர் பேச்சு வந்ததால் ஒன்று. குறளில் ஒரே தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு இருக்கிறது: குறிப்பறிதல். 71-ஆம் அதிகாரத்தில் அமைச்சன் அரசன் முகத்தைப் படிக்கிறான். 110-ஆம் அதிகாரத்தில் காதலன் காதலி கண்ணைப் படிக்கிறான். அகத்தில் இருப்பது முகத்துக்கு வந்துவிடும் என்று இரண்டு இடத்திலும் நம்பிக்கையோடு சொல்கிறார். 94-ஆம் அதிகாரமான சூதில் அந்தப் பேச்சே இல்லை. அங்கே சூதாடி ஒண்டி ஆளாக இருக்கிறான். அவனுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவன் யாரென்று பத்துக் குறளிலும் தெரியவில்லை. பணம் போகிறது, பேர் போகிறது, ஆசை ஏறுகிறது. எதிராளியின் முகம் மட்டும் கிடையாது. நம் அறநூல்கள் சூதைப் பார்த்தது பெரும்பாலும் இப்படித்தான்: ஒருவனுக்கும் அவன் ஆசைக்கும் நடுவில் நடக்கிற விவகாரமாக. இரண்டு பேருக்கு நடுவில் நடப்பதாகப் பார்த்திருந்தால், குறிப்பறிதலுக்கு மூன்றாவதாகவும் ஒரு அதிகாரம் வேண்டியிருந்திருக்கும்.

மண்டகப்பட்டு ராஜாவுக்கு அந்தப் பார்வை இருந்தது. மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தைச் சிரிப்புக்காகத்தான் படிக்கிறார்கள். நான் அதை ஒரு சீட்டுக்களமாகப் படிக்கிறேன். காஞ்சிபுரத்தில் குடித்துவிட்டுச் சுற்றும் ஒரு காபாலிகன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிடுகிறான். எதிரில் ஒரு பௌத்த பிக்கு வருகிறான், ஆடைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு. மறைக்கிறான் என்றால் திருடன்தான். காபாலிகன் படித்தது பாதி சரி. பிக்கு மறைக்கத்தான் மறைக்கிறான். ஆனால் மறைப்பது தன் சொந்தப் பிச்சைப் பாத்திரத்தை. எடுத்துக் காட்டிய பிறகும் காபாலிகன் நம்புவதில்லை, இதுதான் என்னுடையது என்று மல்லுக்கு நிற்கிறான். மண்டையோட்டைத் தூக்கிப் போனது ஒரு நாய். அதை நாயிடமிருந்து மீட்டு வருபவன் ஒரு பைத்தியக்காரன்.

எதிராளியைப் படிப்பதைப் பற்றி இதைவிடத் துல்லியமாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. ஒருவன் மறைக்கிறான் என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். கை சட்டென்று நிற்கும், பேச்சு அதிகமாகும் அல்லது நின்றுபோகும், காசை வழக்கத்தைவிட மெதுவாகவோ வேகமாகவோ தள்ளுவான். எதை மறைக்கிறான் என்பது அந்தக் குறிப்பில் இருக்காது. அந்த இடத்தை நாம் நிரப்புகிறோம், அதுவும் நமக்குத் தொலைந்துபோனதைக் கொண்டு. தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு எதிராளி எப்போதும் பாவ்லா காட்டுகிறவனாகவே தெரிவான், ஏனென்றால் அப்படி இருந்தால்தான் இவன் காசு திரும்பும். ஜெயித்துக்கொண்டிருப்பவனுக்கு அதே முகம் நிஜமாகவே பெரிய கை வைத்திருப்பவன் முகம். அதே தொண்டைக்குழி, அதே பீடி.

கூத்தில் சூது துகிலுரிதல் நடக்கும் இரவை இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பார்த்தவர்களுக்குத் தருமனைப் பற்றி ஒரு கோபம் இருக்கும். பகலில் பாரதப் பிரசங்கம் கேட்டு, இரவில் கூத்துப் பார்த்து வளர்ந்த செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் அவன் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி. வில்லிபாரதம் பாடிய வில்லிபுத்தூராரும் இந்தத் திருமுனைப்பாடி நாட்டு ஆள்தான். பாரதி பாஞ்சாலி சபதம் எழுதியது பக்கத்தில் புதுச்சேரியில். சகுனியின் தாயக்கட்டை அவன் தகப்பனுடைய எலும்பில் செய்தது, சொன்ன பேச்சு கேட்கும் என்றுதான் ஊரில் கதை. அப்படியானால் அங்கே நடந்தது ஏய்ப்பு, பாவ்லா இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. முனை மடித்த சீட்டை வைத்து ஆடுகிறவனை ஆட்டத்தை விட்டே துரத்துவார்கள், சில சமயம் அடித்தும் துரத்துவார்கள். குப்பைக் கையை வைத்துக்கொண்டு நூறு ரூபாயைத் தள்ளி எல்லாரையும் கவிழ்க்கச் செய்தவனை, மனசுக்குள் திட்டிக்கொண்டே, அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள். அவன் சொன்ன பொய்க்கு எல்லாரும் உட்காரும்போதே சம்மதித்துவிட்டார்கள்.

தருமனால் சகுனியின் முகத்தைப் படிக்க முடியவில்லை, அல்லது படிக்க விரும்பவில்லை. ஆனால் அதே தருமன் பிறகு செய்ததை யாரும் அவன் கணக்கில் எழுதுவதில்லை. வனவாசத்தில் பிருகதசுவர் அவனுக்கு நளன் கதையைச் சொல்லிப் பகடையின் சூட்சுமத்தையும் கற்றுக்கொடுக்கிறார். பதிமூன்றாம் வருஷம் விராடன் சபையில் கங்கன் என்ற பெயரில் போய் உட்காருகிறான். ராஜாவோடு சூதாடுவதுதான் வேலை. அர்ஜுனன் பேடி, பீமன் சமையல்காரன், திரௌபதி அலங்காரம் செய்கிற வேலைக்காரி. துரியோதனன் தேசமெல்லாம் ஒற்றர்களை அனுப்பித் தேடுகிறான். மாட்டினால் மறுபடி பன்னிரண்டு வருஷம் காடு. ஒரு வருஷம் முழுக்க ஆறு பேரும் சேர்ந்து காட்டிய பாவ்லா அது. பந்தயமும் ராஜ்யம்தான். முதல் ஆட்டத்தில் முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தோற்றவன், இரண்டாவதில் முகத்தை மூடி ஜெயித்தான். கூத்துக்காரர்கள் விராட பருவத்தைச் சிரிப்பாகத்தான் ஆடுகிறார்கள், கட்டியக்காரனுக்கு அன்று நல்ல வேட்டை.

இனி சட்டத்துக்கு வரலாம். 1930-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் உயிரோடு இருக்கிறது. வெறும் திறமையால் ஆடும் ஆட்டத்துக்கு அதில் விலக்கு உண்டு. எது திறமை என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு 1967-இல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் ரம்மி வழக்காகப் போனது. நீதிபதி ஹிதாயதுல்லா எழுதிய தீர்ப்பு ரம்மியைத் திறமை மேலோங்கிய ஆட்டம் என்றது: விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது, எதைத் தள்ளுவது என்று யோசித்துக் கூட்டுச் சேர்க்க வேண்டும். மூணு சீட்டை அதே தீர்ப்பு முழு அதிர்ஷ்டம் என்று ஒதுக்கித் தள்ளியது. சீட்டுகளை மட்டும் பார்த்தால் அது நியாயம். மூன்று சீட்டில் யோசிக்க என்ன இருக்கிறது? சீட்டைப் பிடித்திருக்கும் ஆட்களைப் பார்த்தால் விஷயம் தலைகீழ். ரம்மியில் நல்ல ஞாபகசக்தி இருந்தால் முகத்தைப் பார்க்காமலேயே பாதி ஆட்டம் ஆடிவிடலாம். மூணு சீட்டில் முகம்தான் முழு ஆட்டமும். நீதிமன்றம் ஞாபகத்தைத் திறமை என்று எண்ணியது. ஆளை எடைபோடுவதையும், பயத்தை அடக்கிக்கொண்டு குப்பையைப் பொன்னாகக் காட்டுவதையும் எண்ணவில்லை. ஒருவேளை பொய் சொல்வதில் இருக்கும் திறமையைத் திறமை என்று தீர்ப்பில் எழுத எந்த நீதிபதிக்கும் கை கூசியிருக்கலாம்.

திறமையா அதிர்ஷ்டமா என்ற அதே தராசைத் தூக்கிக்கொண்டு இணைய ரம்மி வந்தது. தமிழக அரசு 2021-இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை அதே வருஷம் ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-இல் அவசரச் சட்டம், பிறகு மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரே வீச்சில், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்றது. அறுபது வருஷத் தராசு ஓரமாகப் போய்விட்டது.

கடனில் மூழ்கி உயிரை விட்டவர்களின் செய்திகள் வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. தடை தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்கு உறுத்தியது இன்னொன்று. செல்போனில் காசு வைத்து ரம்மி ஆடிய பையனுக்கு எதிரில் விரல் இல்லை, முகம் இல்லை. ஒரு பொம்மைப் படம், ஒரு புனைபெயர், சுழலும் கடிகார வட்டம். அவனால் யாரையும் படிக்க முடியவில்லை. ஆனால் அவன் எத்தனை மணிக்கு ஆடுகிறான், தோற்ற பிறகு எவ்வளவு சீக்கிரம் மறுபடி காசு போடுகிறான், எந்தக் கட்டத்தில் பதற்றம் வருகிறது என்பதெல்லாம் ஒன்று விடாமல் செயலியில் பதிவானது. களத்தில் ஒரே ஒரு முகம் திறந்திருந்தது, அது அவனுடையது. இதைத்தான் சகுனியின் ஆட்டம் என்பேன்.

இயந்திரத்துக்கு முகம் தேவையே இல்லை என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய லிப்ராடஸ் என்ற நிரல் நான்கு தொழில்முறை போக்கர்காரர்களை 20 நாளில் 1,20,000 கைகள் ஆடி வென்றது. பாவ்லாவும் காட்டியது, தாராளமாக. அதற்கு எதிராளியின் கண் தெரியாது. எத்தனை முறைக்கு ஒருமுறை குப்பையை வைத்துக்கொண்டு காசைத் தள்ள வேண்டும் என்ற விகிதம் மட்டும் தெரியும். இந்த விகிதக் கணக்கின் வேர் வான் நாய்மனிடம் இருக்கிறது. 1944-இல் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தில், எளிமையாக்கிய ஒரு போக்கரை வைத்து அவர் காட்டியது: நடுத்தரக் கையை வைத்துப் பாவ்லா காட்டாதே, இருப்பதிலேயே மட்டமான கையை வைத்துக் காட்டு. அடிக்கடி மாட்டிக்கொள்வாய், மாட்டிக்கொண்டதும் வீண் போகாது. இவன் குப்பையிலும் காசு தள்ளுகிறவன் என்று பேர் வந்தால்தான், நிஜமாகவே பெரிய கை வரும்போது எதிராளி நம்பாமல் காசு கட்டுவான்.

வேப்பமரத்தடியில் இதைக் கணக்குப் போடாமலே செய்கிறார்கள். சாயங்காலம் முதல் அரைமணி நேரம் வேண்டுமென்றே கண்டபடி ஆடி, இரண்டு மூன்று முறை மாட்டிக்கொண்டு, எல்லார் சிரிப்புக்கும் ஆளாகி, சிறு காசாக இழப்பவர்களைக் கவனித்தால் தெரியும். இருட்டிய பிறகு அவர்கள் ஆட்டம் மாறும். ஆனால் இயந்திரம் செய்யாத ஒன்றை இவர்கள் செய்கிறார்கள். அது விகிதத்தில் ஆடுகிறது; இவர்கள் ஆளுக்கு ஆள் மாற்றி ஆடுகிறார்கள். மாமனிடம் காட்டுகிற பாவ்லாவை மச்சானிடம் காட்டுவதில்லை. ஒருத்தன் மகளுக்கு நிச்சயம் செய்திருக்கிறான், இன்றைக்குத் துணிந்து வைக்க மாட்டான் என்பது கணக்கில் வரும். இன்னொருத்தன் கரும்பு வெட்டுப் பணம் வாங்கி வந்திருக்கிறான் என்பதும் வரும். யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஆடும் முந்நூற்று நாலில் துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆடுவது விதியிலேயே இருக்கிறது. கூட்டாளி கண்ணால் ஜாடை காட்டினால்தான் சண்டை. இங்கே ஜாடைக்கே தேவை இருப்பதில்லை. இருபது வருஷமாக ஒரே தெருவில் இருக்கிறார்கள், கடன் வாங்கியிருக்கிறார்கள், பாடை தூக்கியிருக்கிறார்கள். சீட்டு ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒருவருக்கொருவர் முன்பே தெரியும்.

அந்த ஒன்றுதான் பிரச்சினை. மூணு சீட்டில் கடைசி வரை காசு கட்டி ஷோ கேட்டால்தான் எதிராளி சீட்டைத் திருப்ப வேண்டும். எல்லாரும் கவிழ்த்துவிட்டால் ஜெயித்தவன் எதையும் காட்ட வேண்டியதில்லை. சீட்டு அப்படியே கட்டோடு சேர்ந்து கலைந்துபோகும். இப்படி ஒரு பெரிய காசு போன பிறகு ஜோடி ராஜாவைக் கவிழ்த்திருந்த ஒருவர் தாங்க முடியாமல் கேட்டார்.

"மாமா, சத்தியமா சொல்லு, இன்னா வச்சினு இருந்த?"

"ஷோ கேட்டிருக்கலாமே."

"கேக்கல, வுட்டுட்டேன். இப்ப சொன்னா இன்னா?"

மாமா கட்டைக் கலைத்தபடி, மூன்றும் ஆஸ் என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து வேறொருவர் கேட்டதற்கு, இரண்டு, அஞ்சு, எட்டு என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் தன் பையனிடம் வேறு ஏதோ சொல்லியிருப்பார். ஜோடி ராஜாக்காரர் மட்டும் மறுவாரம் ஆட்டம் தொடங்கும்வரை டீக்கடையில் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்: ஆஸாக இருந்தால் காசைத் தள்ளும்போது மாமா என்னை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார், பார்த்தார், ஆகவே குப்பைதான், இல்லை, குப்பை என்று நான் நினைக்கட்டும் என்றுதான் பார்த்தார்.